ஆறாவது ஆடு

என் காது சாதாரணக் காது இல்லை. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை, அதனால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே பாட்டை ஜெர்மனியில் அச்சடித்த ரிக்கார்டிலும் ஜப்பானில் அச்சடித்த ரிக்கார்டிலும் போடுங்கள். என் கண்ணைக் கட்டிவிடுங்கள். எது ஜெர்மனி, எது ஜப்பான் என்று சொல்லிவிடுவேன். ஆரணி தாலுகாவில் இப்படி ஒரு காது வேறு கிடையாது. தாலுகாவைத் தாண்டி நான் விசாரிக்கவில்லை.

என் மனைவி சக்ரேஸ்வரியின் அபிப்பிராயம் வேறு.

"குக்கர் மூணு விசில் வந்ததும் அடுப்ப அணைங்கன்னு சொல்லிட்டுத்தான கோயிலுக்குப் போனேன்?"

"விசில் வரலயே."

"பருப்பு கரியா கெடக்குது. விசில் வராமதான் கரியாச்சா?"

"நான் பாட்டு கேட்டுகினு இருந்தேன்."

"நான் வரும்போது ரிக்கார்டே சுத்தலயே."

"மனசுக்குள்ள கேட்டுகினு இருந்தேன்."

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரே பல்லவி. வேலூருக்குப் போக வேண்டும், காது டாக்டரைப் பார்க்க வேண்டும். காலையில் இட்லியோடு வேலூர், சாயங்காலம் காபியோடு வேலூர். எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது வழக்கம். பொழுது சாய்ந்த பிறகு வாய் சும்மாதானே இருக்கும், அப்போதும் வேலூர்.

நான் களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் மேனேஜர். வயது ஐம்பத்து மூன்று. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாலிஷ் மெஷினுக்குப் பக்கத்தில்தான் என் மேஜை. மெஷின் ஓடும்போது லோடு ஏற்றுபவர்களும் நானும் கையாலேயே பேசிக்கொள்வோம். இதையும் சக்ரேஸ்வரி ஒரு சாட்சியாகச் சேர்த்துக்கொண்டாள். அதைவிடப் பெரிய சாட்சி ஒன்று அவளிடம் இருந்தது. போன மாசம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நெல் லாரி ஒன்று என் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்ததாம். நான் பாட்டுக்கு ஆடி அசைந்து நடந்தேனாம். அவள்தான் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்ததற்கு நான் அவளைத் திட்டினேன். அவள் வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று அழுதாள். அதுவும் எனக்குக் கேட்கவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உங்களிடம் சொல்வதற்கு என்ன, அவளிடம் சொல்லிவிடாதீர்கள். எனக்குப் பயம். டாக்டர் ஒரு குழாயை உள்ளே விட்டுப் பார்த்து, "காது போச்சு சார்" என்று சொல்லிவிட்டால் நான் யார்? களம்பூர் மில்லில் ஆயிரம் மேனேஜர் வரலாம், போகலாம். ஸ்டோன் ஃபெர்ரியின் மூன்றாவது ஆல்பத்தை ஐந்து பதிப்பில் வைத்திருக்கும் மேனேஜர் நான் ஒருவன்தான்.

ஸ்டோன் ஃபெர்ரி என்பது இங்கிலாந்துக்காரர்களின் ராக் குழு. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் தலைமுடியும் கிடாருமாகத் திரிந்தவர்கள். வேலூரில் காலேஜ் படிக்கும்போது ஹாஸ்டல் பையன் ஒருவன் கேசட்டில் போட்டான். பாதி வார்த்தை புரியவில்லை. இன்றும் புரியவில்லை. ஆனால் அன்று நெஞ்சுக்குள் விழுந்த அடி இன்னும் எழுந்திருக்கவில்லை. அவர்களுடைய மூன்றாவது ஆல்பத்தின் அட்டையில் ஒரு ஆடு, ரயில்வே பிளாட்பாரத்தில் தனியாக நின்றுகொண்டு ரயில் வராத பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். ஏன் ஆடு என்று யாருக்கும் தெரியாது. அதுதான் கலை.

அந்த ஆல்பம் எத்தனை தடவை மறுபடி வந்தாலும் நான் வாங்கிவிடுவேன். முதலில் வந்தது ஒன்று. ஜெர்மனிக்காரன் போட்டது ஒன்று. ஜப்பான்காரன் காகித பெல்ட் சுற்றி அனுப்பியது ஒன்று. ஆரஞ்சுக் கலர் தட்டு ஒன்று. வழக்கத்தைவிடக் கனமான தட்டு ஒன்று. ஐந்தின் அட்டையிலும் அதே ஆடு.

"கொல்லாமை பேசற வூட்ல அஞ்சு ஆடு," என்பாள் சக்ரேஸ்வரி. "சொந்தக்காரங்க வந்து பீரோவத் தொறந்து பாத்தா நம்ம ஆட்டு யாவாரம் பண்றோம்னு நெனப்பாங்க."

"ஒவ்வொண்ணும் வேற ஆடு."

"மூஞ்சி ஒண்ணாத்தான இருக்குது?"

"மூஞ்சியப் பாக்காத. சத்தத்தக் கேளு."

"எனக்கு வேல இருக்குது."

இந்தச் சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. ஆல்பத்துக்கு ஐம்பது வயது நிறைவதால், பழைய ஒரிஜினல் டேப்பைத் தேடிப்பிடித்து, தூசி தட்டி, புதிதாகத் துலக்கி, ஆறாவது ஆடு வெளிவருகிறது. கொஞ்சம்தான் அச்சடிக்கிறார்கள். விட்டால் கிடைக்காது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதே வாரம் மழைக்காலமும் தொடங்கியது. நாங்கள் ஜைனர்கள். மழைக்கால நான்கு மாசமும் எங்கள் துறவிகள் ஊர் ஊராக நடக்காமல் ஓரிடத்தில் தங்குவார்கள். அப்போது வீட்டுக்காரர்களும் அவர்கள் முன்னால் போய் நின்று, பிடித்த ஏதாவது ஒன்றை நான்கு மாசத்துக்கு விட்டுவிடுவதாக விரதம் எடுத்துக்கொள்வோம். நான் மூன்று வருஷமாகப் பலாப்பழத்தை விட்டுக்கொண்டிருந்தேன். மழை தொடங்கும்போது பலாப்பழ சீசன் முடிந்துவிடும் என்பது துறவிகளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

இந்த வருஷம் எங்கள் கோயிலில் தங்கியிருந்தவர் ஒரு மாதாஜி, பெண் துறவி. சேத்துப்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். பலாப்பழத்தைப் பற்றி எல்லாம் அறிந்தவர்.

"என்ன விடப்போற ஜீவகுமாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற சக்ரேஸ்வரி மெதுவாக, "ரிக்கார்டு தாயே," என்றாள்.

கோயில் முழுக்க ஜனம். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. ஆனால் மூளை என்று ஒன்று எனக்கும் இருக்கிறது. நெருக்கடியில்தான் அது வேலை செய்யும்.

"நாலு மாசத்துக்குப் புது ரிக்கார்டு எதுவும் வாங்கமாட்டேன் தாயே," என்றேன்.

கவனித்தீர்களா? புது ரிக்கார்டு. ஆறாவது ஆடு புதுசா? ஐம்பது வருஷப் பழசு. இதைவிடப் பழைய ஆடு ஊரிலேயே கிடையாது. எனக்கு நானே ஒரு மாலை போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

மாதாஜி சிரித்தார். "நல்லது. தவறிட்டா மறைக்காத. இங்கயே வந்து எல்லார் முன்னாடியும் நின்னு சொல்லிடு."

திரும்பி வரும் வழியில் சக்ரேஸ்வரி கேட்டாள். "புதுன்னு ஒரு வார்த்தய எதுக்குச் சேத்தீங்க?"

"ஒரு அழகுக்கு."

"ம்," என்றாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஆர்டர் போட்டேன். எனக்கு வரும் ரிக்கார்டெல்லாம் பக்கத்து வீட்டு அன்பழகன் விலாசத்துக்குத்தான் வரும். அன்பழகன் பட்டுச்சேலை நெய்கிறவர். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். வெள்ளிக்கிழமை மில்லில் இருந்து வந்தபோது வாசலிலேயே கூப்பிட்டார்.

"இன்னாண்ணே, மறுபடியும் ஆடா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பொட்டி சதுரமா இருந்தா ஆடுதான். ஜல்தியா எடுத்துகினு போண்ணே. அண்ணி வந்து கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது. பேஜாராப் பூடும்."

"பொய் எதுக்குச் சொல்ற? இந்தத் தடவ நேரா, நெஞ்ச நிமித்திகினு எடுத்துனு போறேன்."

அன்பழகன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காய்ச்சல் ஏதாவது இருக்குமோ என்று நினைத்திருப்பார்.

உண்மையில் அப்படித்தான் போனேன். கூடத்து மேஜையில் பெட்டியை வைத்தேன். பிரித்தேன். ஆடு வெளியே வந்தது. போன ஆட்டைவிடக் கொஞ்சம் பழுப்பு. சக்ரேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"விரதம்?"

"புது ரிக்கார்டுதான வாங்கக் கூடாது? இது பழசு."

"அட்ட பளபளன்னு இருக்குதே."

"அட்டைதான் புதுசு. நாம என்ன படிச்சிருக்கிறோம்? உடம்பு மாறும், உயிர் மாறாது. பாட்டுதான் உயிர். அந்த உயிருக்கு இது ஆறாவது பிறவி."

நானே அசந்துபோனேன். எங்கள் சாஸ்திரம் என் பீரோவுக்கு இவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. சக்ரேஸ்வரி யோசித்தாள்.

"அப்ப இதுல புதுப் பாட்டு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுகூடக் கெடையாது."

"சத்தம்?"

இங்கேதான் சிக்கல். சத்தம் வேறு என்பதால்தானே வாங்கினேன். இத்தனை வருஷமாக அதைத்தானே அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"சத்தமும் அதேதான்," என்றேன்.

"இதையே மாதாஜிகிட்ட சொல்வீங்களா?"

"சொல்வேனே."

"சரி," என்று உள்ளே போய்விட்டாள். இவ்வளவு சுலபமாக நான் எதிலும் ஜெயித்ததில்லை. ஜெயித்தால் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. அன்று சாயங்காலம் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை மில்லில் லோடு, வர நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டுச் சக்ரேஸ்வரி என் அறைக்கு வந்தாள். கீழே பாயைப் போட்டு உட்கார்ந்தாள்.

"போடுங்க. நானும் கேக்கறேன்."

"எத?"

"ஆட்டத்தான். அஞ்சாவதப் போடுங்க, அப்புறம் ஆறாவதப் போடுங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாள்கூட இந்த அறையில் உட்கார்ந்து ஒரு பாட்டு கேட்டதில்லை. துடைப்பத்தோடு வருவாள், துடைப்பத்தோடு போய்விடுவாள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கேட்டிருப்பேன். ஒரு இடத்தில் கிடார் அழும், பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் சுவர்தான் இருக்கும். இன்று சுவருக்குப் பதில் சக்ரேஸ்வரி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஐந்தாவது ஆட்டைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அதை எடுத்துவிட்டு ஆறாவதைப் போட்டேன். மறுபடி கண்ணை மூடினாள். புருவத்தைச் சுருக்கினாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.

"ஏங்க, அடியில டக், டக்னு ஏதாச்சும் கேக்குதா?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, உண்மையைச் சொல்கிறேன், கேட்டது. நன்றாகவே கேட்டது. டக், டக்.

"கேக்குது சக்ரேஸ்வரி, கேக்குது."

"அஞ்சாவதுல இருந்ததுங்களா அது?"

"எங்க இருந்தது? அதுதான் விஷயமே. அது டிரம் அடிக்கிறவனோட கால். பெடல மிதிக்கிறான் பாரு. ஒரு மிதி கனமா, ஒரு மிதி லேசா. அம்பது வருஷமா டேப்புக்குள்ள பொதைஞ்சு கெடந்தது. இப்பத்தான் தோண்டி எடுத்திருக்கானுங்க. அஞ்சு ஆட்டுலயும் இது கெடையாது. ஜப்பான்காரனுக்கே கெடைக்கல."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாலுகாவில் இரண்டாவது காது என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. நான்தான் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டேன்.

"அப்ப அதுல இல்லாதது இதுல இருக்குது," என்றாள்.

"அதத்தான சொல்லிகினு இருக்கறேன்."

"அப்ப இது புதுசு."

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஓடவில்லை. என் கால் பாயிலேயே ஒட்டிக்கொண்டது.

"மாதாஜி இன்னா சொன்னாங்க? எல்லார் முன்னாடியும் நின்னு சொல்லணும்னுதான சொன்னாங்க?" அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "நாளைக்குக் காத்தாலயே போயிடலாமா?"

நான் கற்பனை செய்து பார்த்தேன். கோயில் முழுக்க ஜனம். என் மச்சான்கள் இரண்டு பேரும் முதல் வரிசையில். நடுவில் நான். "தாயே, பெடல் சத்தம் கேட்டது." அந்த வாக்கியத்தை ஊர் என் காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். எனக்குப் பிறகும் சொல்லும்.

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் வந்தாள்.

"ஒருவேள அந்தச் சத்தம் ரிக்கார்டுலயே இல்லயோ?"

"பின்ன?"

"அன்பழகன் தறியா இருக்குமோ?"

தெய்வம் மனைவி ரூபத்தில் வரும் என்பதை நான் அன்றுதான் நம்பினேன். ஒரே சுவர். அந்தப் பக்கம் தறி. ஆரணியில் டக், டக் என்று சத்தம் கேட்டால் அது தறியாக இல்லாமல் வேறு என்னவாக இருக்கும்? இங்கிலாந்துக்காரன் கால் எதற்கு இங்கே வரப்போகிறது?

"தறிதான்," என்றேன்.

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. விரத விஷயம்."

எழுந்து போய்ச் சுவரில் காதை வைத்தேன். ஒரு காது போதாதென்று இரண்டு காதையும் மாற்றி மாற்றி வைத்தேன்.

"சந்தேகமே வேணாம். தறியேதான். பெரிய கரை போட்ட சேல நெய்றாரு போல இருக்குது. அதான் நிறுத்தி நிறுத்தி அடிக்கிறாரு."

"ரிக்கார்டுல இல்லயே?"

"இல்லவே இல்ல."

"அப்ப ஆறாவது ஆட்டுல புதுசா ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமே இல்ல. அதே ஆடு."

"விரதம் பத்திரம்."

"பத்திரம்," என்று சொல்லி அப்பாடா என்று உட்கார்ந்தேன். அவளும் அப்பாடா என்றாள். அவள் எதற்கு அப்பாடா சொன்னாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

"அப்ப காதுதான்," என்றாள்.

"எது?"

"இத்தன வருஷமாப் பக்கத்து வூட்ல ஓடற தறிய, ரிக்கார்டுக்குள்ள இருக்கறவன் காலுன்னு சொன்னீங்களே. கனமா ஒரு மிதி, லேசா ஒரு மிதின்னு வேற. ஒண்ணு விரதம் போயிருக்கணும், இல்லன்னா காது போயிருக்கணும். எது போச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

கோயிலில் முன்னூறு பேர் முன்னால் நிற்பதா, வேலூரில் ஒரு டாக்டர் முன்னால் நிற்பதா? எனக்குக் கணக்கு வரும்.

"காது," என்றேன்.

சொன்ன பிறகுதான் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த லாரிக்காரன் ஹாரன் அடிச்சப்ப நீங்க திரும்பவே இல்லீங்க. அன்னியிலேருந்து நீங்க பஸ்சு ஏறி வூட்டுக்கு வர்றவரைக்கும் எனக்கு உசுரு உசுரா இல்ல. மெஷின் வெக்கச் சொன்னா வெச்சிக்கலாம். அதுல இன்னா அசிங்கம்? மெஷின் வெச்ச காதோட ஏழாவது ஆட்டக் கேளுங்க. நானும் வந்து உக்காந்து கேக்கறேன்."

ஒரு மனுஷி என் காதுக்காக இவ்வளவு பயந்திருக்கிறாள், நானோ என் பேருக்காகப் பயந்துகொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. புதன்கிழமையே வேலூர் போவோம் என்றேன். மில்லுக்கு லீவு சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து காபி போடப் போனாள்.

இருந்தாலும் ஆண்பிள்ளை பாருங்கள். எல்லாவற்றையும் தோற்றுவிட்டு வெறுங்கையோடு உட்கார மனசு வரவில்லை. சமையலறைக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"ஒண்ணு மட்டும் டாக்டர்கிட்ட சொல்லணும் சக்ரேஸ்வரி. காது முழுசாப் போகல. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஓடற தறிச் சத்தம் இன்னிக்கும் தெளிவாக் கேக்குது. கேட்டு, பெரிய கரைன்னுகூட சொன்னேனா இல்லயா?"

டம்ளரை என் கையில் கொடுத்து, நான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி நேராக முகத்துக்கு முன்னால் நின்று, நிதானமாகச் சொன்னாள்.

"நான் கேக்குதான்னுதாங்க கேட்டேன், கேக்குதுன்னு சொல்லல, அன்பழகன் தறியப் பூட்டிட்டு நேத்து காத்தாலயே குடும்பத்தோட தேசூர் போயிட்டாரு."